கருவிகளின் கதை – 14: ஏணியும் பந்தலும்

சென்ற இதழில் சாரத்தின் கதையைப் பார்த்தோம். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தின் 11 நிலைகளையும் சவுக்குக் கம்பாலும் மூங்கிலாலும் கயிற்றாலும் சுற்றி வளைத்து, சுதை வேலை செய்பவரையும் வண்ணம் பூசுபவரையும் உச்சி வரை கொண்டுபோய் நிறுத்தும் கலை அது. 2017 பிப்ரவரி 6 அன்று நடந்த குடமுழுக்குக்கு முன் திருவண்ணாமலை மக்கள் அதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆனால் சாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வேலை இருந்தால்தான் அதைக் கட்டுவதில் பொருள் உண்டு. இந்த மரத்தில் பத்து நிமிடம், அடுத்த மரத்தில் பத்து நிமிடம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும் வேலைக்கு யாரும் சாரம் கட்ட மாட்டார்கள். அங்கே ஏணிதான்.

ஏணி மிகப் பழைய கருவி. அதன் குறையும் அவ்வளவு பழையது. ஏறியவருக்குக் கைகள் இரண்டு என்றாலும் வேலைக்குக் கிடைப்பது ஒன்றுதான். மற்றது பிடிமானத்துக்குப் போய்விடும். தோளில் கூடை கனக்கக் கனக்க உடல் ஒரு பக்கம் சாயும். எட்டாத கிளைக்கு இறங்கி, ஏணியைத் தூக்கி, மண் சமமாக இருக்கும் இடம் தேடி மறுபடி சாத்த வேண்டும். பழம் பறிப்பவரின் நாளில் பாதி ஏணியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பனையேறிகளின் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

1944இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே ஊர்க்காரர் ஜே ஐட்டல், ஒரு நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கிச் செர்ரி பறித்தார். இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்றிருக்கும் அந்த நிலம் அப்போது பழத்தோட்டங்களால் நிறைந்திருந்தது. அந்த நாளின் அலுப்பில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது: மரத்தை நோக்கி மனிதர் ஏறுவதற்குப் பதிலாக, மனிதர் நிற்கும் தொட்டியை ஓர் இயந்திரக் கை தூக்கிக்கொண்டு போய்க் கிளைக்கு அருகில் நிறுத்தினால் என்ன? அந்த யோசனையை இயந்திரமாக்கி விற்க 1953இல் சன்னிவேல் நகரில் டெல்ஸ்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இயந்திரத்துக்குச் செர்ரி பிக்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. செர்ரித் தோட்டத்தைவிட அதிகமாக அதை விரும்பி வாங்கியவை தொலைபேசி நிறுவனங்கள். கம்பத்துக்குக் கம்பம் நகரும் அவர்களின் வேலையும் மரத்துக்கு மரம் நகரும் வேலைதானே.

ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஒகனாகன் பள்ளத்தாக்கின் ஆலிவர் என்ற சிற்றூரில், டெட் தார்ன்டன்-டிரம்ப் என்பவரும் பழத்தோட்டத்துக்காகவே இப்படி ஒரு கையைச் செய்தார். அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் அவருடைய கருவி விமான நிலையங்களில் இறக்கைகளின் மேல் படிந்த பனியைக் கரைக்கவும் பயன்பட்டது.

இந்தக் கருவிகளுக்கு உயிர் கொடுத்தது ஹைட்ராலிக் அமுக்கம். அடைத்த குழாயில் எண்ணெயை ஒரு முனையில் அமுக்கினால் அந்த அழுத்தம் குறையாமல் மறு முனைக்குப் போய்ச் சேரும் என்பது பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதி. ஜோசப் பிராமா 1795இல் அதைக் கொண்டு அமுக்கு இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். நம் ஊர் மெக்கானிக் ஷெட்டில் லாரியைத் தூக்கும் ஜாக்கி அந்த வழியில் வந்ததுதான். ஜாக்கியின் உருளையை நீளமாக்கி, முழங்கை போல மடங்கும் இரண்டு இரும்புக் கைகளுக்கு இடையில் பொருத்தி, இன்ஜினால் எண்ணெயைத் தள்ளினால் கை நிமிரும். வால்வை மெல்லத் திறந்து எண்ணெயைத் திருப்பிவிட்டால் கை மடங்கும். குழாய் வெடித்தால் தொட்டி தடாலென்று விழாமலிருக்க உருளையின் வாயிலேயே ஒரு தடுப்பு வால்வு இருக்கும். வண்டி சாயாமலிருக்க நான்கு பக்கமும் கால்களை நீட்டித் தரையில் ஊன்றுவார்கள்.

இவற்றுக்கு இணையாக முக்கியமானது இன்னொன்று: இயக்கும் நெம்புகோல் தொட்டிக்குள்ளேயே இருந்தது. மேலே நிற்பவர் கீழே நிற்பவரிடம் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்பவர் வேலை செய்பவரே. கருவி வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதில்லை. பெரும்பாலான இயந்திரங்கள் தொழிலாளியின் கையிலிருந்து வேகத்தைப் பிடுங்கிக்கொண்டன. இது வேகத்தை அவர் கையிலேயே விட்டுவைத்தது.

தோட்டத்திலிருந்து கிளம்பிய கை பிறகு ஊர் முழுக்கப் பரவியது. 1958இல் சிகாகோ தீயணைப்புத் துறையின் தலைவர் ராபர்ட் குவின், மரக்கிளை வெட்டப் பயன்பட்ட பிட்மன் நிறுவனத்தின் மடக்குக் கையைத் தீயணைப்புக்குக் கொண்டுவந்தார். தொட்டிக்கு நீர்க்குழாயைக் கொண்டுபோனதும் அது ஸ்நார்க்கல் ஆனது. அடுத்தது ஜான் குரோவ். கிரேன் செய்யும் தொழிலை விற்றுவிட்டு 1967இல் மனைவியோடு ஊர் சுற்றக் கிளம்பிய அவர், ஹூவர் அணையில் நின்றபோது, சாரத்தில் வேலை செய்த இரண்டு தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள் என்று அவருடைய நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது. ஊர் திரும்பிய அவர் பென்சில்வேனியாவில் ஒரு சிறு இரும்புப் பட்டறையை வாங்கினார். 1970இல் ஜே.எல்.ஜி. என்ற பெயரில் முதல் உயர்மேடை விற்பனைக்கு வந்தது. இன்று மெட்ரோ பாலங்களின் அடியிலும் தொழிற்சாலைக் கூரைகளின் அடியிலும் நாம் பார்க்கும் பூம் லிஃப்ட் அந்த வம்சம்.

இது வரை சொன்னது ஆளை உயர்த்திய கருவியின் கதை. திராட்சைத் தோட்டத்தில் கதை வேறு திசையில் போயிற்று.

திராட்சைக்கு ஏணி தேவையில்லை. கொடி நாம் கட்டிய உயரத்தில்தான் படரும். அங்கே பிரச்சினை ஆள். பழுத்த சில வாரங்களுக்குள் பறித்தாக வேண்டும்; அந்த வாரங்களில் மட்டும் பெருங்கூட்டம் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கொடி வளர்ப்பு அறிஞர் ஆல்பர்ட் விங்க்ளரும் பொறியாளர் லாயிட் லமூரியாவும் ஒரு வெட்டு இயந்திரத்தை முயன்றார்கள். குலைகள் கம்பிக்குக் கீழே நேராகத் தொங்கும்படி கொடியைப் படரவிட்டு, காம்புகளை ஒரு வெட்டுப் பட்டை அறுத்துக்கொண்டே போகும். குலைகள் சொன்னபடி தொங்கினால்தான் அது வேலை செய்யும். கொடி அப்படிச் சொன்னபடி கேட்பதில்லை.

விடை நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தது. அங்கே ஜெனீவா என்ற ஊரில் (சுவிட்சர்லாந்து ஜெனீவா அல்ல) கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. நெல்சன் ஷாலிஸ் அங்கே கான்கார்டு திராட்சையை ஆராய்ந்தார். உள்ளே இருக்கும் இலைகளுக்கு வெயில் போதவில்லை என்பதுதான் அவருடைய கவலை. கொடியை இரண்டு இணையான கம்பிகளில் பிரித்து, இரண்டு திரைகள் போலக் கீழே தொங்கவிட்டார். விளைச்சல் கூடியது. அந்த வடிவத்தைப் பார்த்த வேளாண் பொறியாளர் ஸ்டான்லி ஷெப்பர்ட்சனுக்கு, கம்பியை அதிரவைத்தால் பழம் தானாக உதிரும் என்று பட்டது. வெயிலுக்காகப் பிறந்த பந்தல் இயந்திரத்துக்கும் பொருந்திவிட்டது. 1960களின் இறுதியில் சிஷோம்-ரைடர் நிறுவனம் அறுவடை இயந்திரங்களை விற்கத் தொடங்கியது.

வெட்டுவதை விட்டுவிட்டு உலுக்குவதற்கு மாறியதுதான் திருப்பம். மாசி, பங்குனியில் நம் சாலையோரப் புளியமரங்களில் நடப்பதும் இந்த வேலைதான். ஒருவர் கிளையில் நின்று உலுக்குவார், கீழே சாக்கு விரித்திருப்பார்கள். திராட்சை இயந்திரம் வரிசையின் இரு பக்கமும் கால் வைத்து, கொடியைத் தன் வயிற்றுக்கடியில் விட்டுக்கொண்டு நகரும். உள்ளே வளையும் தன்மை கொண்ட கண்ணாடி இழைக் கம்பிகள் இரு புறமிருந்தும் கொடியை ஆட்டும். உதிரும் பழத்தை மீன் செதில் போல ஒன்றன் மேல் ஒன்று படிந்த தட்டுகள் தாங்கும். கொடியின் தண்டு வரும்போது தட்டுகள் விலகி வழிவிட்டு, கடந்ததும் மூடிக்கொள்ளும். காற்றாடி இலைகளை ஊதி வெளியேற்றும். பிரான்சில் பிரோ நிறுவனம் 1975இல் தன் முதல் இயந்திரத்தை இறக்கியது. வெயிலில் சூடேறிய பழம் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு அறுக்கும் வழக்கமும் இதனால் எளிதாயிற்று. இன்று உலகின் பெரிய ஒயின் தோட்டங்களில் பெரும்பகுதி இந்த முறைதான்.

இந்த இயந்திரங்கள் உருவான அதே ஆண்டுகளில் திராட்சைத் தோட்டங்களில் இன்னொன்றும் நடந்தது. மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் பிரசேரோ திட்டம் 1964இன் முடிவில் நின்றது. 1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் சீசர் சாவேஸின் சங்கமும் சேர்ந்தது. திராட்சையை வாங்காதீர்கள் என்ற அவர்களின் வேண்டுகோள் நாடு முழுதும் பரவி, 1970 ஜூலையில் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம், தொழிலாளியின் வேலையைப் பறிக்கும் இயந்திரத்தை ஆராயலாமா என்ற கேள்வி 1979இல் நீதிமன்றத்துக்கே போனது. வழக்கில் முன்னால் நின்றது தக்காளி இயந்திரம் என்றாலும் கேள்வி எல்லா அறுவடைக்கும் பொருந்தியது. ஒரு கருவியை யார் செலவில், யாருக்காகச் செய்கிறோம் என்று கேட்ட அந்தத் தொழிலாளர்களை நான் மதிக்கிறேன். நம் ஊர்களில் அந்தக் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கப்படவில்லை.

கவனிக்க வேண்டியது, டெலானோவில் வேலைநிறுத்தம் நடந்த தோட்டங்கள் அப்படியே சாப்பிடும் திராட்சையை விளைவித்தவை. அந்தத் திராட்சை இன்றும் கையால்தான் பறிக்கப்படுகிறது. பழத்தின் மேல் வெள்ளைப் பொடி போலப் படிந்திருக்கும் மெழுகு கலையக் கூடாது, குலை சிதையக் கூடாது என்றால் உலுக்கும் கம்பிக்கு அங்கே வேலையில்லை. இப்போது அங்கே வந்திருப்பது பர்ரோ என்ற ஓட்டுநர் இல்லாத சிறு தள்ளுவண்டி. பறிப்பவர் வெட்டி அடுக்கிய பெட்டிகளை வரிசையின் முனைக்கு அது கொண்டுபோய்விட்டுத் திரும்பும். வெட்டும் கை அப்படியே இருக்கிறது. சுமையும் நடையும் மட்டும் குறைந்திருக்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்குப் போவோம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் ரகம்தான் நம் பன்னீர் திராட்சை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று தேனி மாவட்டத்தில் பரந்திருக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்தூண் நட்டு, அதன் மேல் கம்பி வலை இழுத்து, கொடியை அதில் படரவிடுகிறார்கள். கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. வெவ்வேறு தோட்டங்கள் வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்வதால் பள்ளத்தாக்கில் எங்காவது ஓரிடத்தில் ஆண்டு முழுதும் பழம் இருக்கும். உலகின் பெரும்பாலான திராட்சை நிலங்களுக்கு ஆண்டுக்கு ஓர் அறுவடைதான் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

அந்தப் பந்தலும் ஒரு கருவிதான் என்று நான் சொல்வேன். தூணும் கம்பியும் மனிதரின் கை எட்டும் உயரத்தைக் கணக்கிட்டு நட்டவை. பெண்கள் நிழலில் நடந்துகொண்டே கத்தரியால் குலையைக் காம்போடு வெட்டி, கெட்ட பழத்தைக் கிள்ளியெறிந்து கிரேட்டில் அடுக்குகிறார்கள். வரிசையின் மேல் கால் வைத்து நடக்கும் இயந்திரம் இந்தப் பந்தலுக்குள் நுழையவே முடியாது. நுழைய வேண்டுமானால் பந்தலைப் பிரித்துவிட்டு வேலி போலக் கம்பி கட்ட வேண்டும். மென்தோல் பன்னீருக்கு அது பொருந்தாது. சிறு விவசாயியின் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. ஆனால் நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வெட்டுபவரின் தோளும் கழுத்தும் இரவில் எப்படி வலிக்கும் என்பது தோட்டத்தில் வேலை செய்த யாருக்கும் தெரியும். கிரேட்டைச் சுமந்து வண்டிக்குக் கொண்டுபோவது தனிப் பாடு. கம்பத்துக்கு வேண்டியது சுமையை வாங்கிக்கொள்ளும் சிறு வண்டி. உலுக்கும் இயந்திரம் அல்ல.

ஆளை உயர்த்துவது ஒரு வழி, ஆளை விலக்குவது ஒரு வழி. மூன்றாவது வழியில் தமிழ்நாடு அமைதியாகப் பெரிய வேலை செய்திருக்கிறது: மரத்தைத் தாழ்த்துவது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 புளியை ஒட்டுக்கன்றாக நட்டால் சில ஆண்டுகளிலேயே கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். சாவக்காடு ஆரஞ்சுக் குட்டை போன்ற தென்னை ரகங்களில் தொடக்க ஆண்டுகளில் தரையில் நின்றே இளநீர் வெட்டலாம். விஞ்ஞானிகளின் இந்த வேலை எத்தனை இடுப்பெலும்புகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஆனால் நட்டு நூறாண்டு கண்ட மரங்களைத் தாழ்த்த முடியாதே. தென்னைக்கு விடை கண்டவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்தார்கள். கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப், ஊராருக்கு அப்பச்சன், இரண்டு இரும்புச் சட்டங்களைக் கம்பிவடத்தால் மரத்தில் மாட்டி, ஒன்றை அழுத்தி மற்றதை உயர்த்தி, மாற்றி மாற்றி மிதித்து மேலே போகும் கருவியைச் செய்தார். உடல் எடை விழுந்ததும் வடம் மரத்தை இறுகப் பிடிக்கும். எடையை எடுத்ததும் தளரும். மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை. கோவையைச் சேர்ந்த வெங்கட் வெவ்வேறு பருமனுள்ள மரங்களுக்குப் பொருந்தும்படி ஒன்று செய்தார். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியில் பெண்களும் இந்தக் கருவியைக் கொண்டு மரமேறக் கற்றார்கள். மரமேறுவதைத் தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்த சமூகத்தில் ஆறு நாள் பயிற்சியும் ஓர் இரும்புச் சட்டமும் செய்த மாற்றம் சிறியதல்ல.

புளிக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. தென்னையின் தண்டு நேர்த் தூண். புளி கிளைத்துப் பரவும் மரம். அதில் மாட்டும் சட்டம் கிடையாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம் போகிறது; ஜவ்வாது மலையில் புளி பல குடும்பங்களுக்குக் கோடை வருமானம். உலுக்குபவர் இடுப்பில் கயிறு கூட இல்லாமல் கிளை நுனி வரை போகிறார். 1996இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் உயரத்தில் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறது. புளி உலுக்குபவர் கட்டடத் தொழிலாளி அல்லர்.

இங்கேதான் செர்ரி மரத்துக்காகப் பிறந்த அந்த மடக்குக் கை நமக்குப் பொருந்துகிறது. சாலையோர மரம் என்பதால் வண்டி போக வழி இருக்கிறது. தெருவிளக்கு மாற்றும் ஏணி வண்டியை ஊர்களில் பார்க்கிறோம். அதே கை டிராக்டரின் பின்னால் பூட்டும் வடிவத்திலும் உலகில் கிடைக்கிறது. புளி முடிந்தால் மாமரம், அது முடிந்தால் மின்கம்பியில் உரசும் கிளைகள், கார்த்திகை தீபம் நெருங்கும்போது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் விளக்குகள் என்று ஆண்டு முழுக்க அதற்கு வேலை உண்டு. தனி விவசாயியால் வாங்க முடியாத விலை என்பது உண்மை. நெல் அறுவடை இயந்திரத்தையும் தனி விவசாயி வாங்கவில்லை. வேளாண் பொறியியல் துறை மணி வாடகைக்குத் தருகிறது, தனியாரும் தருகிறார்கள். அப்படித்தான் அது நம் வயல்களுக்கு வந்தது.

வந்தபோது கதிரறுக்கும் கூலி போனதையும் மறக்கக் கூடாது. மல்லாட்டை ஆய்வது இன்னும் பெண்களின் கையில் இருப்பதால்தான் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதனால்தான் இரண்டு கருவிகளையும் ஒரே தராசில் போட்டு 'இயந்திரம்' என்று பொதுவாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஒன்று வேலையை எடுத்துக்கொள்கிறது. மற்றது வேலையை விட்டுவைத்து விழுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அரசுப் பணம் முதலில் இரண்டாவதற்குப் போக வேண்டும்.

வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஏரி மதகு, பயிர்க் கடன், கொள்முதல் நிலையம் என்று அங்கே எழும் குரல்களோடு இதையும் சேர்க்க வேண்டும்: வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரப் பட்டியலில் டிராக்டரில் பூட்டும் உயர்மேடை ஒன்றைச் சேருங்கள்; புளி ஏலத்தின் நிபந்தனைகளில் இடுப்புக் கயிறும் காப்பீடும் கட்டாயம் என்று எழுதுங்கள். இந்தத் தொடரைப் படிக்கும் விவசாயிகளும் ஏலம் எடுப்பவர்களும் அடுத்த கூட்டத்திலேயே மனு கொடுங்கள். மாசி மாதம் வருவதற்குள் கொடுத்தால் இந்தப் பருவத்துக்கே பயன்படும்.